மூக்கு எனது, பேச்சு உனது

ஏட்டி, இன்று காலை நம் ஹோட்டலின் பின்வாசல் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்தச் சூடான வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நடுத்தெருவில் நின்று "பரோலோ!" என்று கத்திவிட்டேன். ரோலர் பக்கத்தில் நின்றிருந்த பாய் பயந்துபோய் "க்யா ஹுவா மேடம்?" என்று ஓடி வந்தார். அவரிடம் நான் என்னத்தைச் சொல்வது? இத்தாலியர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் வைனுக்கு உங்கள் ரோட்டு வாசனைதான் பாய் என்றா? "குச் நஹி பாய், சப் அச்சா" என்று சொல்லிவிட்டு உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் கொஞ்சம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். டூட்டி மதியத்துக்கு மேல்தான்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு நேற்று நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. வாய் துறுதுறுவென்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தால், "முன்ன பின்ன இல்லாம என்ன கதட்டி சொல்லுத?" என்று நீ திட்டுவாய். அதனால் முறையாகவே வருகிறேன்.

நான் திருச்சிக்காரி, நீ தூத்துக்குடிக்காரி. ஒரே வாரத்தில் அமீரகத்தின் புஜைராவில் வந்து இறங்கி, இந்தக் கடற்கரை ஹோட்டலின் இத்தாலிய உணவகத்தில் தட்டு தூக்கச் சேர்ந்தோம். ஒரே ரூம், ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட். வைன் ஊற்றுகிற வேலையை வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் நமக்கு முதல் பிரச்சினை. நான் "ரெஸ்டாரண்ட்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நீயோ உன் அம்மாவிடம் போனில் "திராட்ச சம்பந்தப்பட்ட வேலைம்மா" என்றாய். அவர் அதைத் தெருவில் "திராட்சை ஏற்றுமதி" என்று சொல்லிவிட்டார். லீவுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா உன்னிடம் காய்ந்த திராட்சை மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டாளாமே! நீ அசராமல் "அது வேற டிபார்ட்மெண்ட்க்கா" என்றாயாம்.

நம் மேனேஜர் இத்தாலியின் வடமேற்கு மூலை, பியட்மான்ட்காரர். வாரம் ஒருநாள் மதியம் ஊழியர்களை உட்காரவைத்து வைன் வகுப்பு எடுப்பார். குடிப்பதில்லை, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். அவர் கொடுத்த பாடப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பிளாக்பெரி, வயலட் பூ, செடார் மரம். எல்லோரும் குறித்துக்கொண்டிருக்க, நீ கையைத் தூக்கினாய். "சார், நான் இதுல ஒண்ணக்கூட மோந்து பார்த்ததே இல்ல. பார்க்காத பழத்த எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாய். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "சரி, உனக்கு என்ன மணக்கிறது?" என்றார். நீ கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, "கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர், அப்புறம் புது ரோடு" என்றாய். அவர் மேசையைத் தட்டி எழுந்தே விட்டார். ரோஜாவும் தாரும்! நெபியோலோ திராட்சைக்கு அவர்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லும் அடையாளமே அதுதானாம். அந்தத் திராட்சையில் செய்வதுதான் பரோலோ.

அன்றிலிருந்து நமக்கென்று ஓர் அகராதி உண்டானது. பார்பெரா திராட்சை என்றால் ரசம், அந்தப் புளிப்பும் அந்த இலகுவும். டஸ்கனியின் சாஞ்சோவேசே என்றால் தக்காளி இலையைக் கசக்கி மோந்த வாசனை, கூடவே புளிப்பு செர்ரி. அது ஒன்றுதான் புத்தகத்தில் இருந்து நாம் எடுத்துக்கொண்டது, அதுவும் கேக்கின் மேல் செர்ரி பார்த்திருந்ததால். தெற்கே எரிமலைப் பக்கத்து அல்யானிகோ என்றால் கரிமூட்டமும் புதுச் செருப்பும். வெரோனா பக்கம் திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திப் பிழிகிற அமரோனேயை நீ விளக்கினது இன்னும் காதில் இருக்கிறது. "வத்தல் போடுதாவல்லா, அதே கததான். ஆனா வெயில்ல இல்ல, காத்து வாற பரண்ல, நெழல்ல."

இத்தாலி வரைபடத்தையும் நீ விட்டுவைக்கவில்லை. பனி மூடும் பியட்மான்ட் கொடைக்கானல். டஸ்கனி மதுரைப் பக்கம். சிசிலி தூத்துக்குடி, ஏனென்றால் உப்புக் காற்றும் வாய்க்கொழுப்பும் அங்கேதான். மேனேஜர் இதைக் கேட்டு அடுத்த வகுப்பிலேயே "மதுரை ரெட்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மூக்கில் நான் உனக்குச் சளைத்தவள் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் விருந்தினர் முன்னால் போய் நின்றால் என் ஆங்கிலம் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். "வெரி நைஸ் சார்." அதற்கு மேல் ஒரு சொல் வராது. நீயோ இலக்கணத்தைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு கதை சொல்வாய், கப்பல் கம்பெனிக்காரர்கள் சாப்பாட்டை மறந்து கேட்பார்கள். உணவகத்தின் வைன் பொறுப்பை உனக்குக் கொடுப்பதாக மேனேஜர் அறிவித்தபோது எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். கொஞ்சம் இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகம் இருந்தது, சத்தியமாக.

பெரிய முதலாளிமார் வரும் ஒரு மதிய விருந்தில் நீ வைன் பரிமாறிப் பேசிக் காட்ட வேண்டும், அது நன்றாக முடிந்தால் வேலை உறுதி என்று ஏற்பாடு. அதற்கு முன்னால்தான் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது. ஒரு காலையில் நான் தேங்காயெண்ணெயில் கடுகு தாளித்து மூடிவைத்திருந்தேன். நீ உள்ளே வந்து, "இன்னும் தாளிக்கலியாட்டி?" என்று கேட்டாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நீ கறிவேப்பிலையை எடுத்துக் கசக்கி மூக்கில் வைத்தாய். ஊறுகாய் பாட்டிலைத் திறந்தாய். என் தலைவலித் தைலத்தைத் திறந்தாய். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாய். "ஒண்ணுமே இல்லட்டி. தண்ணி மாதிரி இருக்கு எல்லாம்."

டாக்டர் "வரலாம், நாளாகும்" என்றார். வராமலும் போகலாம் என்பதை அவர் சொல்லாமலே நாம் புரிந்துகொண்டோம். வைன் பொறுப்பில் இருப்பவள் ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து, தக்கையால் கெட்டுப்போனதா இல்லையா என்று பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். மூக்கு இல்லாதவளுக்கு அந்த வேலை எப்படி? நீ அன்று முழுக்க அழுதாய். சாயங்காலம் திடீரென்று எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "ஒம் மூக்கு இருக்குல்லா? என் வாய் இருக்குல்லா? ரெண்டையும் சேத்தா ஒரு ஆளு வரும். எந்திரி!"

திட்டம் எளிமையானது. பக்க மேசையில் நான் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். உன்னிடம் கொடுக்கும்போது, ஏதோ பரிமாறும் வேலை பற்றிப் பேசுகிற முகத்தோடு, தமிழில் வாசனையைச் சொல்வேன். நீ அதை வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் அவர்களுக்கு விரித்துச் சொல்வாய். இத்தாலிய உணவகத்தில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது! வளைகுடாவில் எந்த மேசையிலும் ஒரு தமிழன் உட்கார்ந்திருப்பான் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நமக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோனது.

விருந்து ஜோராகத் தொடங்கியது. மேசையில் ஹோட்டல் முதலாளிமார், ஓர் இத்தாலியக் கப்பல் கம்பெனிக்காரர், அவரோடு வெள்ளைச் சட்டையில் கறுத்த, நரைத்த மீசைக்காரர் ஒருவர். அவர் மேனேஜரோடு கடகடவென்று இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார். "பாத்தியா, வெயில்ல கறுத்த சிசிலிக்காரன்" என்று நீ என் காதில் சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

முதலில் பார்பெரா. "ரசம், நல்ல புளி, கொஞ்சம் நாவல்பழம்" என்றேன் சிரித்த முகத்தோடு. நீ போய் அதை ஒரு பாட்டாகவே பாடிவிட்டாய். அடுத்து டஸ்கனியின் கியாந்தி. "தக்காளி இலை, செர்ரி, வெயில்ல கிடந்த தோல் பெல்ட்டு." நீ பேசப் பேச மேசை தலையாட்டுகிறது. சிசிலிக்காரர் மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். உன் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்தோம், அட லூசுகளா!

மூன்றாவது, பழைய பரோலோ. மேனேஜர் தன் கையாலேயே தூசி துடைத்துக் கொண்டுவந்த பாட்டில். தக்கையை எடுத்து மூக்கில் வைத்தேன். ரோஜா இல்லை, தார் இல்லை. மழையில் நனைந்த சாக்கு. நீ இரண்டாவது வைனின் வெற்றியில் மிதந்துகொண்டு வந்து, நான் வாய் திறக்கும் முன் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். பின்னாலேயே ஓடினேன். நீ சிசிலிக்காரரின் கிளாஸ் மேல் பாட்டிலைச் சாய்க்கிறாய். "ஊத்தாதடி! கெட்டுப்போச்சு, ஈரச் சாக்கு நாத்தம்!" என்றேன், முகத்தில் அந்தப் பரிமாறும் சிரிப்பு மாறாமல்.

"ஏ பிள்ளே, நெசமாவா? ஈரச் சாக்கா? அப்ப எனக்கு ஊத்தாத" என்றார் சிசிலிக்காரர்.

தூத்துக்குடித் தமிழ். சுத்தமான, கலப்படமில்லாத, உன் தெரு முனைத் தமிழ்! இத்தாலியின் ஜெனோவாவில் வீடு கட்டிக்கொண்டு இருக்கும் கப்பல் கேப்டனாம் அவர். நான் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றேன். நீ பாட்டிலைச் சாய்த்தபடியே நின்றாய். மேனேஜர் "என்ன, என்ன?" என்றார். கேப்டன் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். மேனேஜர் பாட்டிலை வாங்கி முகர்ந்தார், முகம் சுளித்தார், பிறகு உன்னைப் பார்த்து எல்லோரும் கேட்க, "விலை உயர்ந்த பாட்டில் என்று தயங்காமல் நிறுத்தினாள் பாருங்கள், இவள்தான் எனக்கு வேண்டியவள்" என்றார். முதலாளிமார் கைதட்டினார்கள். கேப்டன் நம்மைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. போகும்போது மட்டும் உன்னிடம் மெல்ல, "நல்லாப் பேசுதம்மா. ஆனா அந்தப் பிள்ள லீவுல போனா என்ன செய்வ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கலாஸ், எல்லாம் முடிந்தது, வேலை உறுதி, தப்பித்தோம் என்று சமையலறைக்குப் பின்னால் குதித்துக்கொண்டிருந்தேன். நீ குதிக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றினாய். "நான் சார்ட்ட போய்ச் சொல்லிருதேன்" என்றாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன், திட்டினேன், உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றேன். நீ கையை விடுவித்துக்கொண்டாய். "இன்னைக்கு ஊத்தியிருப்பேன்ட்டி. நீ ஒரு எட்டு பைய வந்திருந்தா, கெட்டுப்போனத அந்த மனுசனுக்கு ஊத்தி, ரோசாப்பூ வாசனன்னும் சொல்லியிருப்பேன்."

அவர் முன்னால் நின்று நீ சொன்னது இரண்டே வாக்கியம். "சார், இன்று நீங்கள் பாராட்டிய மூக்கு என்னுடையது இல்லை. அது இவளுடையது." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து ஊற்றி, "சொல்" என்றார். "வெரி நைஸ் சார்" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "தமிழ்ல சொல்லு மூதேவி, நான் சொல்லுதேன் அவருக்கு." நான் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னேன், நீ ஆங்கிலத்தில் சொன்னாய். கரி, புதுச் செருப்பு, கறுப்புப் பிளம். அல்யானிகோ. அவருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். கடைசியில் சிரித்துவிட்டார். ஆனால் வேலையை எனக்குத்தான் கொடுத்தார். மூக்குத்தான் முக்கியம், பேச்சைக் கற்றுக்கொள்ளலாம் என்றார்.

அன்று ரூமில் உன்னோடு எப்படிச் சண்டை போட்டேன்! உன் வேலையைப் பிடுங்கிக்கொள்ள நான் யார் என்று கத்தினேன். நீ எனக்கு மேல் கத்தினாய். "சவத்தத் தள்ளு. எவளோ ஒருத்தி பாக்கதுக்கு நீ பாரு. ஆனா ஒண்ணு, வாயத் தொறந்து பேசணும். வெரி நைஸுன்னு சொன்ன, கொன்னுருவேன்." அந்த வருட ஒப்பந்தம் முடிந்ததும் நீ ஓமான் நாட்டுச் சலாலாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பு வேலைக்குப் போனாய். மூக்கு தேவைப்படாத வேலை என்று சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு எத்தனை போன்! எதைக் கண்டாலும் முகர்ந்துகொண்டே இருப்பாய் என்று உன் ரூம்மேட் புகார் சொன்னாள். ஒருநாள் சந்தையிலிருந்து அழைத்து, "ஏட்டி! ஏட்டி!" என்று அலறினாய். என்னவோ ஏதோ என்று பதறினேன். "சாம்பிராணி! வாசன வருது! கடக்காரர் தூபத்த ஊதுதாரு, எனக்கு வருதுட்டி!" பின்னால் கடைக்காரர் அரபியில் ஏதோ கேட்க, நீ அவருக்கும் தமிழிலேயே பதில் சொல்கிறாய். இங்கே நான் சரக்கு அறையில் பாட்டில்களுக்கு நடுவே நின்று குதித்தேன். பிறகு காப்பி வந்தது, மழை வந்தது, மீன் வந்தது. "மீனு வாசன மொதல்ல வராம இருந்ததே நல்லதுட்டி" என்றாய்.

வைன் மட்டும் பாக்கி. லீவு போட்டுவிட்டுப் புஜைராவுக்கு வந்தாய். நான் வேண்டுமென்றே வெளுத்த சிவப்பில் ஒரு வைனை ஊற்றினேன். நெபியோலோவும் அதே நிறம், சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோவும் அதே நிறம். நிறத்தைப் பார்த்து நீ சமாளித்துவிடக் கூடாது பார். வாயில் வைக்காதே, மோந்து மட்டும் சொல் என்றேன். நீ மூக்கை உள்ளே விட்டாய். வெளியே எடுத்தாய். மறுபடி விட்டாய். மேனேஜர் பில் போடுவதை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். "தீக்குச்சி அணைச்ச பொக. காஞ்ச இல. ஆரஞ்சுத் தோலு" என்றாய் மெல்ல. பிறகு கண்ணெல்லாம் நீராக என்னைப் பார்த்து, "எட்னா. எங்க ஊருப் பக்கம்லா!" என்றாய். மேனேஜர் உன்னைத் தூக்கிச் சுற்றினார். அடுத்த சீசனில் இங்கேயே வந்துவிடு, இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள் என்றார். நீ சரி என்றாய்.

அந்தச் சீசன் வரவில்லை. சலாலா மலைப்பாதையில், மழைக்கால மூடுபனியில், நீ வந்த கார் வளைவில் கவிழ்ந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. மூக்கு திரும்பி வந்தவளை இப்படியா கொண்டுபோவது? உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் அழுது ஓய்ந்து, "அவ அங்க நெசமா என்ன வேலம்மா பாத்தா?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன். இத்தாலி, திராட்சை, வைன், உன் பேச்சு, எல்லாம். "நல்லாப் பேசுவாளா, எல்லாரும் கேப்பாவளா?" என்றார். எல்லோரும் கேட்பார்கள் அம்மா என்றேன்.

இப்போது நேற்றைய சேதி. ஹோட்டலின் பெரிய ஹாலில் இத்தாலியச் சிவப்பு வைன் விருந்து. ஹால் நிறைய ஆட்கள், முன்வரிசையில் இத்தாலியர்கள். மேடையில் நின்று பேச வேண்டியது நான்! என் சட்டையில் மைக் மாட்டினார்கள். ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன், ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் பார்பெராவைக் கையில் எடுத்ததும் எல்லாம் பறந்துவிட்டது. "வெரி நைஸ்" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். வேறு வழி தெரியாமல் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டேன். விட்டதும், பக்கத்தில் நீ பாட்டிலுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. "ரசம்டி. நல்ல புளி. ஓரத்துல நாவல்பழம்" என்றேன்.

மைக்கில்! ஹால் முழுக்கத் தமிழில் எதிரொலித்தது. மேனேஜர் முகம் வெளுத்தது. பிறகு, உனக்குப் பதிலாக நானே திரும்பி நின்று, சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். வந்துவிட்டதடி! ரசம் என்றால் என்ன, நாவல்பழம் தின்றால் நாக்கு எப்படி நிறம் மாறும், எல்லாம் வந்தது. இலக்கணம் உன்னுடையதைப் போலவே காலில் மிதிபட்டது. ஹால் சிரித்தது, கிளாஸைத் தூக்கியது.

அடுத்த வைனுக்கு நான் நேராக ஆங்கிலத்திலேயே தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த ஓர் இத்தாலியப் பாட்டியம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். அப்படி இல்லை, முதலில் அந்த மொழியில் சொல், யாரிடமோ சொல்வது போலச் சொன்னாயே, அப்படிச் சொல் என்றார்.

கடைசி வைன் வரைக்கும் ஒவ்வொன்றையும் முதலில் உன்னிடம்தான் சொன்னேன். உன்னிடம் சொல்லி முடிக்கும்வரை ஹாலில் ஒருவரும் கிளாஸைத் தொடவில்லை.